பழசாகாத நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? தைலம் மட்டும் போதாது. மாடிப்படி ஏறுவதை நிறுத்துங்கள்.

எங்கள் சலவை ஆலைக்குப் புது இஸ்திரி இயந்திரம் வந்திருக்கிறது. மொத்தம் ஏழு பொத்தான்கள்தான். சூப்பர்வைசர் தினமும் சொல்லித்தருகிறார், மறுநாள் எனக்கு எல்லாம் புதிதாகவே இருக்கிறது. "நேத்தும் இதையேதானேப்பா சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

டாக்டர் என் மூளையைப் படம் எடுத்துக் காட்டினார். உள்ளே முந்திரிப்பருப்பு போல வளைந்த ஒரு பகுதி கொஞ்சம் சிறுத்திருக்கிறதாம். புதியதைக் கற்பதற்கும், நடந்ததைப் பழசு என்று தேதி போட்டு வைப்பதற்கும் அது வேண்டுமாம். "உங்க ஆலையில பாய்லர் வெடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. உங்க மூளைக்கு அது இன்னும் நேத்துகூட ஆகல" என்றார். சிகிச்சையில் தேறிவிடுமாம், பயப்படாதீர்கள்.

நேற்று ஒரு வேடிக்கை. நீராவி சீறியதும், "அண்ணே, தள்ளிப் போங்க!" என்று கத்திவிட்டேன். என் வலப்பக்கம் யாருமே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன்: அந்த இடத்தில் யாரும் நிற்பதே இல்லை. துணி வண்டி தள்ளுகிறவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். என் அறையில் தங்கியிருந்த, அந்த இடத்தில் நின்று வேலை பார்த்த அண்ணன் அந்த வெடிப்பில் போய்விட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அம்மா.

இனி கடிதத்தின் மேலே தேதியைப் பெரிதாக எழுதுங்கள். தங்கையின் படம் அனுப்பினால், எந்த வகுப்பு என்று பின்னால் எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். உங்கள் முழங்காலைப் பற்றி அவரும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உங்கள் மகன்