விடத்தலில் பத்து நூல்

செப்ரெம்பர் 20, சனி

காலையில் வானம் மப்பு. மழை இல்லை. புரட்டாதிச் சனி, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தேன். பின்னேரம் ரியூசன். இருபது பேரில் பதினொரு பேர்தான் வந்தார்கள்.

வாசிகசாலைச் செயலாளர் குகன் வந்தான். ஊர்ச் செடி கொடிகளைப் பற்றிப் படப் புத்தகம் போடுகிறார்கள். ஒரு செடிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு பெயர். விடத்தல் பக்கம் வதனாவுக்காம்.

“அக்கான்ரை படங்கள் சும்மா கலாதி, சேர். பேஸ்புக்கிலை பாத்தனீங்கள்தானே?”

பார்த்தேன். வதனா என் மனைவி. வங்கியில் காசாளர். சீனி கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் போன வருடம்தான் என்னோடு தரவைப் பக்கம், ஊர் ஆடு மாடு மேய்கிற வெளிக்கு, நடக்க வந்தவள். கையில் ஒரு போன். நான் உயிரியல் படிப்பிக்கிறவன். ஆறு வருடம் அங்கே விடத்தல் பற்றைக்குள் முள்ளுக்குத்து வாங்கினவன். நோகாமல் நுங்கு குடிப்பது என்பது இதுதான்.

குகனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, “நல்ல விசயம்” என்றேன். வயிறு பற்றி எரிந்தது. கட்டின மனைவி மேல் பொறாமைப்படுகிற ஆள் நான் ஒருவன்தானோ தெரியாது.

என் கொப்பியில் கிடப்பவை, ஒருவரும் கேளாதவை:

முள் – தனி முள் இல்லை. பக்கக் கிளையே நுனி கூராகி முள்ளாகிறது. சில முள்ளில் இலையும் நிற்கும்.

இலை – புளியிலை மாதிரி, அதைவிடப் பொடி.

காய் – கொத்தாக, முறுகிச் சுருண்டு. தானாக வெடிக்காது. ஆடு தின்னும், விதை புழுக்கையோடு அடுத்த காணிக்குப் போகும்.

வேர் – அடியோடு வெட்டினால் சுற்றிவரப் புதுக் கன்று. வெட்டினவனுக்குத்தான் தோல்வி.

இடம் – தரவையின் மேட்டு விளிம்பு. சுண்ணக்கல்லின் மேல் ஒரு சாண் மண், நல்ல வெயில். மாரித் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. ஆறு வருடமாகப் பார்க்கிறேன்.

பூ – தொங்குகிற குஞ்சம். மேல் பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள். காய்ப்பது மஞ்சள் பாதி. மேல் பாதி மலடு.

(மலடு என்பதை வெட்டிவிட்டு ‘காய்க்காது’ என்று எழுதினேன். கலியாணம் கட்டிப் பதின்மூன்று வருடம். இந்தக் கொப்பியை அவள் தற்செயலாகத் திறந்தாலும் திறப்பாள்.)

செப்ரெம்பர் 21, ஞாயிறு

இருவருமாகத் தரவைக்குப் போனோம். வழி முழுக்கப் படம். ஒரு பூவுக்கு முன் பத்து நிமிடம் குந்தியிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, இதிலை ரெண்டு சாதி நிக்குது, கண்டனீங்களோ? ஒண்டு றோஸ், மற்றது வெள்ளை. என்ரை பக்கத்திலை அதைத்தான் எழுதப்போறன்.”

பிழை. சாதி ஒன்றுதான். மலர்ந்த அன்று மேல் பாதி இளஞ்சிவப்பு. பிறகு வெளிறி வெள்ளை. சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

“ஓம், ஓம். எழுதும்.”

வருகிற ஞாயிறு வாசிகசாலையில் எல்லாப் பக்கங்களையும் வாசித்துப் பார்க்கும் கூட்டம். அதில் நான் எழும்பி, ஆதாரத்தோடு பிழையைக் காட்டினால்? பக்கம் என் கைக்கு வரும். கேவலமான யோசனைதான். ஆனாலும் நல்ல நித்திரை வந்தது.

செப்ரெம்பர் 22, திங்கள்

காலை ஐந்து ஐம்பது. சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியே தரவைக்கு. பெரிய பற்றையில் இன்று மலர்ந்த பத்துப் பூவுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். ஒவ்வொரு நூலிலும் ஒரு கடதாசித் துண்டு, 1 முதல் 10 வரை இலக்கம். ஒவ்வொரு நாளும் நிறம் பார்த்து எழுதினால் போதும், ஒருவரும் மறுக்க முடியாது.

பத்தும் இளஞ்சிவப்பு. கையில் மூன்று கீறல்.

செப்ரெம்பர் 23, செவ்வாய்

காற்று. பூக்கள் கொஞ்சம் மங்கல். 7 கழன்றிருந்தது, திரும்பக் கட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்டுக்கார இராசம் அக்கா, ஆட்டுக்குக் குழை வெட்டுகிற கொக்கத்தடியோடு.

“சேர், நேர்த்திக்கடனோ?”

ஆராய்ச்சி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் தனிய, வதனா எங்கே என்று கேட்பாள். பின்னேரமே அவளிடம் போய்ச் சொல்லியும் விடுவாள். “ம்” என்றேன்.

“பிள்ளைக்குத்தானே?”

அதற்கும் “ம்”.

“வெளியிலை சொன்னால் பலிக்காது, ராசா. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடன்.”

செப்ரெம்பர் 24, புதன்

மூச்சு விட்டுவிட்டாள். பற்றையின் அடியில் ஒரு கல் நட்டிருக்கிறது. திருநீறு, இரண்டு செவ்வரத்தம்பூ, எரிந்த கற்பூரக் கறுப்பு. என் நூல்களுக்கு நடுவே யாருடையவோ நாலு நூல், பள்ளிக்கூடப் பிள்ளையின் றிபன் ஒன்று.

இராசம் அக்கா ஆடுகளைத் தூரத்தில் கட்டியிருந்தாள். “வைரவர் நிக்கிற இடத்திலை இனிக் கத்தி வைக்கேலாது, சேர்.”

அந்தப் பற்றையை வெட்டாதேங்கோ என்று அக்காவிடம் ஆறு வருடம் கெஞ்சினேன். கேட்கவில்லை. கடைசியில் இரண்டு “ம்” போதுமாயிருந்தது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

செப்ரெம்பர் 25, வியாழன்

1 முதல் 8 வரை எல்லாம் வெள்ளை. 9 உதிர்ந்துவிட்டது, 10ஐக் காணவில்லை. எட்டுப் போதும். வென்றேன்.

கொப்பியை மூடும்போதுதான் கண்டேன். 3க்குப் பக்கத்தில் மஞ்சள் துணி, காசு முடிந்து கட்டியிருக்கிறது. துணியின் கரையில் பச்சைப் புள்ளி. வதனாவின் பழைய சேலை. அந்தச் சேலை எனக்குத் தெரியாதா?

இராசம் அக்கா சொல்லியிருக்கிறாள். இவளும் வந்து கட்டியிருக்கிறாள். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடம். அதன் பிறகு பிள்ளை என்ற சொல்லை நாங்கள் இருவரும் வீட்டில் எடுத்ததில்லை. நான் அவளுக்காக நேர்த்தி வைத்தேன் என்று நம்பிக்கொண்டு இந்த முள்ளுக்குள் கை விட்டிருக்கிறாள்.

நான் கட்டியது அவளை நாலு பேருக்கு முன் தலைகுனிய வைக்க. சீ.

இரவு புட்டு. எனக்கு மட்டும் முட்டை பொரித்துத் தந்தாள்.

செப்ரெம்பர் 27, சனி

முதல் மழை, கால் மணித்தியாலம்.

யோசித்து யோசித்துத் தலையிடி. கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் நூல் கட்டின கதையும் வெளியே வரும். அது நேர்த்தி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால் பிழை அவள் பெயரில் அச்சாகும். புத்தக வெளியீட்டுக்குப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து தாவரவியல் விரிவுரையாளர் வருகிறாராம், மேடையிலேயே பிடித்து உரிப்பார்.

குகனுக்குப் போன் எடுத்தேன். “வதனா ஒரு திருத்தம் சொல்லச் சொன்னவ. எழுது. சாதி ஒண்டுதான். றோஸ் பூத்தான் வெளிறி வெள்ளையாகுது. நூல் கட்டிப் பாத்தவவாம்.” கடைசி வசனம் ஆதாரப் பெருமையில் வாய் தவறி வந்துவிட்டது.

“அக்கா பெரிய கெட்டிக்காரி, சேர்! நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்.”

ஓம், கொடுத்தேன். ஆறு வருடத்தையும் தூக்கிக் கொடுத்தேன். போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நாலு வாளி தலையில் ஊற்றினேன். எரிச்சல் அடங்கவில்லை. ஒரு வரியில் என் பெயரையும் போடச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் மனம் அரிக்கிறது.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

வெயில். கூட்டத்துக்குப் பதினைந்து பேர் மட்டில். குகன் விடத்தல் பக்கத்தை வாசித்தான். கைதட்டல். “நூல் கட்டிப் பாத்திருக்கிறா, அதெல்லோ வேலை!” என்றார் தலைவர். வதனா நிமிரவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன். சந்தி தாண்டியதும் நின்றாள்.

“நான் அப்பிடி எழுதேல்லை. ரெண்டு சாதி எண்டெல்லோ எழுதிக் குடுத்தனான்.”

“பிறகு சொன்னனீர். மறந்துபோனீர்.”

“அது என்ரை தையல் பெட்டி நூல். நேர்த்திக்கு ஆரும் இலக்கம் எழுதிக் கட்டுவினமோ? கண்ட உடனையே எனக்கு விளங்கிட்டுது, நீங்கள் என்ன செய்யப் போறியள் எண்டு.”

சைக்கிள் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப நீர் ஏன் துணி கட்டினனீர்? பிள்ளைக்கு எண்டெல்லோ நான்...”

“பிள்ளைக்கு இல்லை. உங்களுக்கு. உந்த எரிச்சல் ஒழியவேணும் எண்டு.”

வீட்டு வாசல் படலையடியில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஒழிஞ்சிட்டுதோ?”

“ஓம்.”

முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“இன்னொரு துணி கட்டவேணும்” என்றாள்.