பி.எச். எட்டு வந்த ஆசிட்

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் போச்சு.

நேற்று வீட்டில் சண்டை. மகள் தாரிணி இனி நீட் கோச்சிங் போக மாட்டாளாம். ஃபர்ஸ்ட் பி.யு., அதாவது பதினொன்றாம் வகுப்பு, முடிந்தது, கெமிஸ்ட்ரியில் 61. அடுத்த வருஷம் பி.யு. முடித்துவிட்டு பி.ஏ. கன்னடமாம். கன்னடம்! தாத்தா ரயில்வே வேலைக்கு மைசூர் வந்தபோது "பேடா", அதாவது வேண்டாம், அது ஒன்றுதான் தெரியும். அதை வைத்தே ரிட்டயர் ஆனார்.

"உனக்கு பயம். அந்த அயானிக் ஈக்விலிப்ரியம் பாடம்தான் உன்னைக் கவுத்துது. ஒரு வாரம் உட்கார்ந்தா வந்துடும்"னு சொன்னேன்.

"ஒரு வாரமா? நீ உட்காரேன் பார்ப்போம். ஞாயித்துக்கிழமை டெஸ்ட் வைக்கறேன். அஞ்சுக்கு மூணு சரியாப் போட்டா நான் கோச்சிங் போறேன். இல்லேன்னா நீ அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அவள் அம்மா உமா: "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு சவால் விடுங்க. தோசை ஆறுது."

ஒத்துக்கொண்டேன். நான் பி.காம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வாங்கணும்: பேனா ரீஃபில், ப. மிளகாய், லாக் டேபிள் (கால்குலேட்டர் கூடாதாம்).

பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்து சீட் ரங்கசாமி, எங்கள் கம்பெனி சம்பள செக்‌ஷன், எட்டிப் பார்த்தார். "ஈசி இதெ சார்" என்றார் கன்னடத்தில். ஈசியாம். அவரும் பி.காம்.

வீக் ஆசிட் தண்ணீரில் கொஞ்சம்தான் பிரியுமாம். எவ்வளவு பிரிந்ததோ அது x. ஆசிட்டின் மொத்த அளவு 0.1-லிருந்து x-ஐக் கழிக்கணும். ஆனால் x ரொம்பச் சின்னது, கழிக்காமல் விட்டுடு என்கிறது புத்தகம். விட்டுடுவதா? ரங்கசாமிக்கும் கோபம். "நம்ம ஆடிட்டர்கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க சார்!" கம்பெனி இருக்கும் ஹெப்பாள் வரும்வரை அதே பேச்சு.

ஏப்ரல் 9, புதன்

வெயில். மோர் இரண்டு டம்ளர்.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பி.எச். என்ன? எனக்கு 8. ரங்கசாமிக்கும் 8. பஸ்ஸிலேயே கை குலுக்கிக்கொண்டோம்.

சாயங்காலம் தாரிணியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தாள். "ஏழுக்கு மேலே போனா அது பேஸ். ஆசிட்டை ஊத்தி சோடா உப்பு பண்ணிட்டியாப்பா?"

"தப்பு எங்கேன்னு சொல்லேன்."

"டெஸ்ட்டுக்கு முன்னாடி சொல்ல முடியாது."

கடைசியில் நானே கண்டுபிடித்தேன். தண்ணீருக்கும் சொந்தமாகக் கொஞ்சம் ஹைட்ரஜன் அயனி உண்டு! அதையும் சேர்க்கணும். 6.98. ரங்கசாமிக்கு போன் போட்டேன். "அட! தண்ணி சும்மா இருக்கும்னு நெனச்சேனே சார்!"

சந்தோஷம். எதற்கென்று தெரியவில்லை. ஆபீஸில் இருபது வருஷமாக இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கேஸ் புக் பண்ணணும். மறந்தேன்.

அசிடிக் ஆசிட் கணக்கு தானாக வந்தது. 2.87. புத்தகத்தின் பின்னாலும் 2.87. பர்ச்சேஸ் மீட்டிங்கில் சிரித்துவிட்டேன். மேனேஜர், "போல்ட் நட் விலை ஏறினதுல உங்களுக்கென்ன சார் சந்தோஷம்?"

சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "புளியில இருக்கறதும் வீக் ஆசிட்தான் தெரியுமோ?"

உமா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் ரசத்தையா வீக்குங்கறீங்க?"

இனிமேல் ரசம் கிடையாதாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மேகம். துணி காயவில்லை. டெஸ்ட்.

1: அசிடிக் ஆசிட். சரி.
2: அந்த 10⁻⁸. சரி! உமாகூட எட்டிப் பார்த்தாள்.
3: 0.1 மோலார் உப்புத் தண்ணீரில் சில்வர் குளோரைடு எவ்வளவு கரையும்? வர்க்கமூலம் எடுத்து, லாக் டேபிளைப் புரட்டி, 1.34 × 10⁻⁵.
4, 5: கேள்வியே புரியவில்லை.

மூன்றாவதில் தாரிணி நிறுத்தினாள். "உப்புல ஏற்கெனவே குளோரைடு இருக்கேப்பா. அதை எங்கே விட்டே?" ஒரு கையில் மாம்பழம். இன்னொரு கையால் பேனாவை வாங்கி இரண்டே வரி. 1.8 × 10⁻⁹. அப்படியே 4. அப்படியே 5. கையெழுத்துப் போடுகிற மாதிரி. அடித்தல் திருத்தல் இல்லை.

தோற்றது எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ்ளோ தெரிஞ்சா அப்புறம் எப்படிடீ 61?"

"பாதியில போரடிச்சுது. பேப்பரைக் கொடுத்துட்டு லைப்ரரி போயிட்டேன்."

"பயமில்லையா?"

"பயம்னு நீதான் சொன்னே. நான் எப்பப்பா சொன்னேன்? எனக்கு வருது, பிடிக்கல. உனக்குப் பிடிச்சிருக்கு, வரல. அவ்ளோதான்."

உமா உள்ளே போய்விட்டாள். சிரிக்கிற சத்தம்.

கொஞ்ச நேரம் மாடியில் நடந்தேன். அவள் சொன்னதில் தப்புத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. லீவு. மாங்காய்ப் பச்சடி. ரசமும் உண்டு.

கோச்சிங் சென்டரிலிருந்து போன். லீவிலும் விடுவதில்லை. நாளைக்குள் சேர்ந்தாகணுமாம். தாரிணி எதிரில்தான் இருந்தாள். கையில் புத்தகம், பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"பொண்ணு வரலைங்க."

"யாக்கே சார், ஏன்? கெமிஸ்ட்ரி கஷ்டமா? நம்ம கிட்ட ஸ்பெஷல் பேட்ச் இருக்கு."

"சேச்சே. கெமிஸ்ட்ரி அவளுக்கு பிரமாதமா வரும்."

அவர் மெதுவாக, "அப்ப யாருக்கு சார் கஷ்டம்?"

எனக்குத்தான் என்றேன். வயசு கேட்டார். நாற்பத்தெட்டு. சாயங்கால பேட்ச்சில் இடம் இருக்காம்.