பொத்தானுக்கு ஒரு படுக்கை

மார்ச் 3, செவ்வாய்
நாத்தனார் கண் ஆபரேஷனுக்குக் கிளம்பிவிட்டாள். இவர்தான் துணைக்குப் போயிருக்கிறார். கிளம்பும்போதும் அவளுக்குத் தன் கண் மேல் கவலை இல்லை, தான் வளர்க்கும் ஆமைக்குஞ்சு மேல்தான்.

"கட்டு அவுத்து வீட்டுக்கு வந்ததும் முதல்ல இவனைத்தான் பாக்கணும் அண்ணி. பத்திரமா பாத்துக்கோங்க."

"ஏன்டி, உன் அண்ணன் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

சிரிக்கவில்லை. புருஷன் போனபின் எங்களோடு வந்து தங்கியவள். என் கேலியெல்லாம் அவளிடம் செல்லாக்காசு. ஆனால் என்னை நம்பி அவள் விட்டுப்போன முதல் பொருள் இதுதான். பொருளா? உயிர்.

ஆமைக்கு நான் வைத்த பேர் பொத்தான். மெத்தையில் வைத்துத் தைக்கிற பெரிய பொத்தான் மாதிரியே இருக்கிறான்.

பெட்டியைத் திறந்தேன். ஈர மண்! மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கிறவள் நான். ஈரம் பட்டால் மெத்தை செத்தது. என் வீட்டில் ஒரு பச்சைப்பிள்ளை ஈரத்தில் படுப்பதா? மண்ணைப் பின்வாசலில் கொட்டினேன். பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, நல்ல பஞ்சாகப் பார்த்து மெத்துமெத்தென்று பரப்பினேன். நடுவில் மகாராஜா மாதிரி உட்கார்ந்தான்.

மார்ச் 5, வியாழன்
கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது மெத்தை சுகம், தூங்குகிறான் போல.

மார்ச் 6, வெள்ளி
கண்ணே திறக்கவில்லை. நகத்தில் பஞ்சு சுற்றியிருந்தது, பிரித்தேன். வாயோரம் ஒரு இழை. இழுத்தால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு தின்றானோ?

பஞ்சை எடுத்துவிட்டுப் பேப்பர் விரித்தேன். கால் நாலு பக்கமும் வழுக்கியது. மெத்தைத் துணி விரித்தேன். நூலில் நகம் மாட்டியது. ஊருக்கெல்லாம் படுக்கை போடுகிறவளுக்கு உள்ளங்கை அளவு உயிருக்குப் படுக்கை போடத் தெரியவில்லை.

அப்போது பார்த்து நாத்தனார் போன் பண்ணினாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம்.

"சாப்பிடறானா அண்ணி?"

"என்னைவிட நல்லா சாப்பிடறான்."

"மண்ணு ஈரமா இருக்கா? காய விட்டுடாதீங்க. காஞ்சா குஞ்சு தாங்காது."

"இருக்கு, இருக்கு."

பாழாய்ப்போன வாய்! போனை வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன். கொட்டிய மண் கட்டிதட்டி, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

மார்ச் 7, சனி
பொத்தானைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டரம்மா எதில் வைத்திருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, ஈர இலைக்கடியில புதைஞ்சு வளர்ற ஜாதி இது. பஞ்சுல போட்டா காஞ்சு சருகாத்தானே போகும்?"

"வயித்துக்குள்ள பஞ்சு போயிருந்தா?"

"வெளிய வரணும். வந்தா பிழைச்சான்."

தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். படுக்கைக்கு மணல் கூடாது, தின்றுவிடும். மரத்தூள் கூடாது, கண் எரியும். "தேங்காநார்த் தூள் போடுங்க. பிழிஞ்சா சொட்டக்கூடாது, தொட்டா ஜில்லுனு இருக்கணும்."

நார்த்தூளா! எங்கள் கடையில் நார் உதறும் இடத்தில் விழுந்து, ஈரத்தை இழுத்துத் தொலைக்கிறது என்று தினமும் நான் திட்டிக்கொண்டே கூட்டி வெளியே கொட்டுகிற சனியனாச்சே அது! நேரே கடைக்குப் போனேன்.

"லீவு சொல்லிட்டுக் குப்பை அள்ள வந்திருக்கியா?" என்றார் முதலாளி.

"உங்களைப் பாக்காம இருக்க முடியல முதலாளி."

மெத்தை ஒட்டுகிற பசை படாத தூளாகப் பார்த்து அள்ளி, நாரில் ஊறியிருக்கும் உப்புப் போகப் பலமுறை அலசிப் பிழிந்து பரப்பினேன். பொத்தானை விட்டேன். விட்ட இடத்திலேயே கிடக்கிறான்.

மார்ச் 8, ஞாயிறு
தண்ணீரில் உட்கார வைத்தேன். தலையைத் தூக்கவில்லை. "டேய், அவ வந்தா என்னை உரிச்சு உன் ஓட்டுக்குள்ளயே திணிச்சுடுவாடா" என்றேன். கேலியும் வரமாட்டேன் என்கிறது.

நாளை மறுநாள் வருகிறாள். தானாச் செத்துப்போச்சுன்னு சொல்லிடலாமா? அவளுக்கு எப்படித் தெரியப்போவுது? — சீ. இன்னும் சாகவே இல்லை. நான் என்ன பொம்பளை?

மார்ச் 9, திங்கள்
தண்ணீரில் அவன் போட்ட பீயைக் குச்சியால் கிளறினேன். பஞ்சு! பீயைப் பார்த்துக் கும்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண் இன்னும் மூடித்தான் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்
வந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பெட்டிக்குப் போனாள். மேலே தூள்தான் தெரிந்தது, அவனைக் காணோம்.

"எங்க அவன்? இது நான் போட்ட மண்ணு இல்லையே."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மண், பஞ்சு, கடையில் அள்ளிய பசை படாத தூள், போனில் சொன்ன பொய், நேற்று முன்தினம் நினைத்த பொய். இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவள் தூளுக்குள் கையை விட்டு மெல்லத் துழாவினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கடிக்கிறான்" என்றாள்.

வெளியே எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, ஆபரேஷன் பண்ணின கண் கூசி மூடிக்கொள்ள, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஒரு கண்ணுதான் திறந்திருக்கு."

"உனக்கும்தான்டி" என்று என் வாய் சொல்லிவிட்டது. அறுத்துப் போட வேண்டும் இந்த நாக்கை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 12, வியாழன்
பேசவில்லை. நானும் கேலி பண்ணவில்லை. வீடு வீடாகவே இல்லை.

மார்ச் 16, திங்கள்
வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், என் சாப்பாட்டுப் பையோடு ஒரு வெறும் பையும் ஆணியில் தொங்கியது. என்ன இது என்று கேட்பதற்குள் அறையிலிருந்து குரல் வந்தது.

"பசை படாத தூளா பாத்து அள்ளிட்டு வாங்க அண்ணி, நிறைய. உங்க பையன் தோண்டித் தோண்டி ரூமெல்லாம் இறைச்சு வெச்சிருக்கான். ரெண்டு கண்ணையும் உருட்டிக்கிட்டு, பாக்கறதுக்கு அப்படியே எங்க அண்ணன்தான்."

தெருமுனை வரைக்கும் அந்தப் பையை வீசிக்கொண்டே நடந்தேன்.