என் பெயர் கோத்த கைச்சங்கிலி

மார்ச் 3, செவ்வாய்

எந்தப் புண்ணியவானோ அருமையான ஒரு சின்ன டைப்ரைட்டருக்கு ரோஜா நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறான். உறைக்கு மட்டும் அடித்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எழுத்துக் கம்பிகளுக்கும் சேர்த்து அடித்திருக்கிறான். நனைந்த தீக்குச்சிக் கட்டு மாதிரி எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஏதோ காபிக் கடையில் அலங்காரத்துக்கு வைத்திருந்தார்களாம். த்தூ.

சாயங்காலம் முழுக்க மாடியில், என் மற்ற மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து தின்னர் தொட்டுச் சுரண்டினேன். அண்ணி படியில் நின்றே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில நாள் பூரா மருந்து வாசனை. வீட்டுக்கு வந்தா இது. உன்னைக் கட்டிக்கப் போறவர் பாவம்."

கட்டிக்கப் போறவர்! நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு சொல் என் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது? எங்கள் டைப்ரைட்டர் சேகரிப்போர் குழுவின் செயலாளர் அவர். மனைவியை இழந்தவர். பழைய மெஷினைத் தொடும்போது சட்டைக் கையை மடித்துக்கொள்வார். நான் விழுந்தது அந்த மடிப்பில்தான் என்று இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 8

செயலாளர் போன் செய்தார். நான் கொடுத்த தமிழ் மெஷினைப் பற்றித்தான் முதல் பேச்சு. மழையில் ஊறி வந்தது அது. பல விசைகளில் கண்ணாடிக்கு அடியில் எழுத்தே அழிந்திருந்தது. விசையைச் சுற்றிய வளையத்தைப் பிரித்து, புதுத் தாள் வெட்டி, என் கையாலேயே எழுதி ஒட்டினேன். 'ள' மட்டும் குடித்தவன் நடை மாதிரி வால் கோணிக்கொண்டு விட்டது. கல்யாணம் பேசி முடித்த அன்று அதை அவருக்குக் கொடுத்தேன்.

"தினமும் காலையில அதுலதான் ஒரு பக்கம் டைப் பண்றேன். உங்க கையெழுத்து மேலயே விரல் படுது, தெரியுமா?" என்றார்.

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அண்ணன் பார்த்துவிட்டான்.

மார்ச் 12

ஸ்கேன் அறை நர்ஸ் சீட்டோடு மருந்து ஜன்னலுக்கு வந்தாள். காதில் புதுத் தோடு. வெள்ளை வட்டம், வெள்ளி வளையம். இடது காதில் 'ம'. வலது காதில் 'ள'.

என் 'ள'.

"அழகா இருக்கா மேடம்? ஆன்லைன்ல ஒருத்தர் விக்கிறார். பழைய டைப்ரைட்டர்லேர்ந்து வெட்டி எடுத்ததாம்." 

கழற்றித் தரச் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒன்றும் புரியாமல் தந்தது. பின்பக்கம் கம்பியை நறுக்கிய தழும்பு, அரம் வைத்து ராவக்கூட இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, யாருக்கோ இரண்டு வேளை மாத்திரையை மூன்று வேளை என்று எழுதப் போய், நல்லவேளை, பக்கத்தில் இருந்தவள் பிடித்துவிட்டாள்.

மார்ச் 13

வேறு யாராவது அப்படி ஒரு 'ள' எழுதியிருக்கலாம் — இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையை.

மார்ச் 15, ஞாயிறு

இதை எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாவிட்டால் வயிற்றிலேயே கிடக்கும்.

சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி, உள்ளே பளபளவென்று மெஷின்கள். ஒன்றில்கூடத் தூசி இல்லை. வாய் நிறைய வரவேற்றார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவள் தவறான கதவைத் திறந்துவிட்டேன்.

பின்பக்கக் குளியலறை. தொட்டி நிறைய டைப்ரைட்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. விசை இருந்த இடமெல்லாம் வெட்டுப்பட்ட நுனிகள். பல்லைப் பிடுங்கி ஈறை மட்டும் விட்ட வாய்கள். தொட்டி விளிம்பில் கட்டிங் பிளேயர். சோப்பு வைக்கிற கிண்ணத்தில் தமிழும் ஆங்கிலமுமாக எழுத்துகள், துவைத்து வெயிலுக்கு வைத்த மாதிரி. துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர் அடியில் தேங்கி நாறியது. என் மெஷினை முதுகை வைத்தே கண்டுபிடித்தேன். பின்தகட்டில் நான் போட்ட பித்தளைத் திருகு.

அவர் பின்னாலேயே வந்து நின்றார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். வெட்கமாவது!

"அடடா, பாத்துட்டியா? நானே சொல்லணும்னு இருந்தேன். பத்து மெஷினை வெட்டினாத்தான் அலமாரிக்கு ஒரு நல்ல மெஷின் வருது. இதெல்லாம் எல்லாரும் செய்யறதுதான்."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது? அதை யோசிப்பதற்குள் உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். கைச்சங்கிலி. என் பெயர், எழுத்து எழுத்தாக, வெள்ளிக் கண்ணிகளில் கோத்து.

"கல்யாணத்துக்குத் தரலாம்னு வச்சிருந்தேன். நீ சரி பண்ண மெஷின்லேர்ந்தே எடுத்தேன். அப்பதானே அதுக்கு ஒரு அர்த்தம்?"

அந்தக் கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அன்பாகத்தான் வெட்டியிருக்கிறார்.

மணிக்கட்டில் அவரே மாட்டிவிட்டார். நான் கையை இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை?

மார்ச் 16

கொக்கி இறுகிக்கிடக்கிறது, கழற்ற வரவில்லை. அதோடேயே வேலைக்குப் போனேன். எல்லாரும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை ரசனைக்காரர்தான்!" கண்ணாடியில் ஒருமுறை நானும் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அழகாக இருக்கிறது என்று தோன்றியது. அப்புறம் கழிப்பறைக்கு ஓடினேன்.

சோப்பு போட்டு உருவி எடுத்தாகிவிட்டது. தோல் உரிந்திருக்கிறது. உரியட்டும்.

மார்ச் 18

அண்ணனிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "குடிக்கிறாரா? அடிக்கிறாரா? இரும்பை வெட்டினார். இதுக்கு ஒரு மனுஷனை வேணாம்பியா?" என்றான்.

"வெட்டினது கூடப் போகட்டும்ணா. வெட்டிட்டு, தினமும் டைப் பண்றேன்னு சொன்னாரே."

"உன்னை சந்தோஷப்படுத்தத்தான் சொல்லியிருப்பார்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பை எப்படிக் கழுவுவது? தின்னர் போட்டா?

அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணன் அவரை வீட்டுக்கு வரவழைத்தான், பேசித் தீர்க்கலாம் என்று. நல்ல சட்டை போட்டு வந்தார். நான் கைச்சங்கிலியை அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னும் கோவமா? வேற மெஷின் வாங்கித் தர்றேன். ரெண்டா வாங்கித் தர்றேன்."

"மெஷின் வேணாம். ஏன் பொய் சொன்னீங்க?"

"நிஜத்தைச் சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்."

"நான் வருத்தப்படறதை நான் பாத்துக்க மாட்டேனா?"

அவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். ஆம்பளைக்கு ஆம்பளை சிரிக்கிற சிரிப்பு. "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மெஷின் பைத்தியமெல்லாம் தானா கொறைஞ்சிடும் மச்சான். மாடியில இருக்கறதுல எது எது எனக்குன்னு நான் ஏற்கெனவே பாத்து வச்சிருக்கேன்."

எதை வெட்டுவது என்று கண்ணாலேயே குறித்துவைத்திருக்கிறார்! போன மாதம் மாடிக்கு வந்து ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தாரே. கசாப்புக்காரன் ஆட்டைத் தடவுகிற மாதிரி. நான் பக்கத்தில் நின்று விளக்கு வேறு பிடித்தேன், பைத்தியக்காரி.

அண்ணனுக்கு அப்போதும் விளங்கவில்லை. அண்ணிதான் எழுந்தாள். அவர் பாதிகூடக் குடிக்காத டீ டம்ளரை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். "ஆறிப்போச்சு" என்றாள். உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. வேறு டீயும் வரவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்த டம்ளர் அது.

கடைசியில் அவர் செருப்பைத் தேடினார்.

மார்ச் 24

குழுவிலிருந்து விலகினேன். காரணத்தையும் எழுதி அனுப்பினேன். வந்த பதில்களில் ஒன்று: "அவரிடம் ஆங்கில 'கே' உபரியாக இருக்குமா, கேட்டுச் சொல்ல முடியுமா?"

இவர்களோடுதான் இத்தனை வருடம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.

மார்ச் 29

அண்ணி போய் என் மெஷினை வாங்கி வந்தாள். நான் கேட்கவே இல்லை. குப்பைப் பையில் போட்டுக் கொடுத்தாராம். "வாசல்லயே நின்னு வாங்கினேன். அந்த வீட்டுக்குள்ள எவ கால வைப்பா" என்றாள்.

திறந்து பார்த்தேன். எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் தாளை நகர்த்தும் வண்டி பழையபடி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் மணிகூட அடித்தது. கேட்க முடியாமல் மூடிவிட்டேன்.

ஏப்ரல் 19

ரோஜா நிறத்து மெஷின் இன்று எழுதியது. 'ஓ' மட்டும் இன்னும் தயங்குகிறது.

ஜூன் 9, செவ்வாய்

வேலை முடிந்ததும், கடையில் சொல்லி வைத்திருந்த ஒரு டைப்ரைட்டரைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். அங்கே செயலாளர். பக்கத்தில் ஒரு பெண். அவள் கையில் நீளமான ஒரு பெயர், வெள்ளிக் கண்ணிகளில்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார். மறுபடி 'நீங்க'. கண் மட்டும் என் பெட்டி மேலேயே இருந்தது. "என்ன மாடல்?"

"தெரியாது" என்றேன். பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல முகம். ஏதாவது சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டேன். உட்கார்ந்து மூச்சு விட்ட பிறகுதான் ஊர்ப் பலகையைப் பார்த்தேன். என் பஸ்ஸே இல்லை அது.

இறங்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன்.