பதினாலாம் மெஷினுக்கு என்ன காரணம்

4.2.2008, திங்கள்

காலையில் பனி. எதிரே வரும் ஷேர் ஆட்டோ தெரியவில்லை. இன்று குழாயில் தண்ணீர் வரும் நாள் வேறு. நாலு குடம் பிடிப்பதற்குள் ஏழு இருபது. ஓடிப் போய் கார்டு பஞ்ச் பண்ணினேன்.

பதினோரு மணி வரை வேலை இல்லை. மெட்ராஸிலிருந்து இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். எங்கள் இரண்டாம் லைனில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற இருபது மெஷினுக்கும் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி ஒட்டினார்கள். சென்சாராம். ஊசி ஏறி இறங்குகிறதா, சும்மா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். அங்கிருந்து ஒயர், ஒயர் வழியாக இன்டர்நெட். முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களும் பார்க்கலாம்.

ஹால் கோடியில் பெரிய டிவி. மெஷினுக்கு ஒரு கட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. இரண்டு நிமிஷத்துக்கு மேல் சிவப்பாக நின்றால் லைன் சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் காரணம் போட வேண்டும். அதாவது நான். எழுதி வைத்துக்கொள்கிறேன், மறந்துவிடும்:

1 நூல் அறுந்தது
2 ஊசி உடைந்தது
3 சரக்கு வரவில்லை
4 கரண்ட் இல்லை
5 ஆள் இல்லை

ஆறு கிடையாது. உலகத்தில் மனுஷி எழுந்திருக்க அஞ்சே காரணம்தான் போல.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். "இது மெஷினப் பாக்கறதுக்கும்மா. உங்களப் பாக்க இல்ல. இவ்ளோ வெல குடுத்து வாங்கின மெஷின் பாதி நேரம் சும்மா நிக்குது. ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

டிவியில் எழுத்து ரொம்பச் சின்னது. சாயங்காலம் கண் எரிச்சல்.

5.2, செவ்வாய்

பயந்ததுதான் நடந்தது. மெ.14 காலையில் மட்டும் ஆறு தடவை சிவப்பு.

மெ.14 லில்லி அண்ணி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணம் ஆகி வந்த புதிதில் கையைப் பிடித்து என்னை இந்தக் கம்பெனிக்குக் கூட்டி வந்தவர். சூப்பர்வைசர் வேலை முதலில் அவருக்குத்தான் வந்தது. "நான் அஞ்சாவதுதான். நீ பத்து படிச்சவ, நீ போ கிரேஸு" என்று தள்ளிவிட்டார். தையலில் அவர் கைக்கு இன்றைக்கும் ஈடு கிடையாது. கண்தான் போய்விட்டது. சர்க்கரை. வேலூரில் பெரிய டாக்டர் லேசர் வைக்கணும், கொஞ்ச நாள் வேலைக்குப் போகக் கூடாது என்றார். அண்ணி ஏப்ரல் வரைக்கும் முடியாது என்று சொல்லிவிட்டார். மகனுக்கு வாணியம்பாடியில் பாலிடெக்னிக் கடைசிப் பரீட்சை ஏப்ரலில். அண்ணியின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சம்பாதிக்கிறது இவர் ஒருத்தர்தான்.

கண் டெஸ்ட்டில் தேறாதவர்களைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. போன வருஷம் கட்டிங்கில் ஒருத்தியை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். அவள் டிபன் பாக்ஸ் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

தைக்கும்போது அண்ணிக்குக் கண் வேண்டாம், விரலே போதும். ஊசி கோர்க்கத்தான் வேண்டும். நிறம் மாறும்போதெல்லாம், நூல் தீரும்போதெல்லாம், பக்கத்து மெ.15 ஷபானா எழுந்து வந்து கோர்த்துத் தருவாள். எங்கள் லைனில் இது வழக்கம். சின்னக் கண்ணு பெரிய கண்ணுக்குக் கோர்க்கும். யாரும் கேட்டு வாங்குவதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை.

இப்போது டிவியில் 14ம் 15ம் சேர்ந்தே சிவக்கிறது. ஊர் பூராவும் பார்க்க.

எல்லாவற்றுக்கும் 1 போட்டேன். நூல் அறுந்தது.

8.2, வெள்ளி

ஜும்மாவுக்காக வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் அரை மணி ஜாஸ்தி. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி. டிவிக்கு யார் சொல்வது? இருபது கட்டமும் சிவப்பு. நம்பர் இல்லை. 3 போட்டேன். சரக்கு அனுப்பவில்லை என்று எப்படிப் போடலாம் என ஸ்டோர்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

லெந்து நோன்புக் காலம் என்று பிரியாணி தொடவில்லை. பொய் மட்டும் தட்டு தட்டாக.

9.2, சனி

வார ரிப்போர்ட் வந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தேன். லைனிலேயே மோசமான மெஷின்: 14. காரணம்: நூல் அறுதல். மெக்கானிக் பாஷா பாய்க்கு மெமோ.

சே. இதை நான் யோசிக்கவே இல்லை. நூல் அறுந்தால் பழி மெக்கானிக் தலையில்தானே விழும்.

11.2, திங்கள்

பாஷா பாய் ஞாயிறு வந்து 14ஐப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை. டீ டைமில் என் டேபிளுக்கு வந்தார்.

"நான் ஆயில் வுட்ட மெஷினும்மா அது. நூல அறுக்காது. நீ இன்னாத்துக்கு ஒண்ணு ஒண்ணுன்னு போட்ற?"

இருபது வருஷத்தில் அவருக்கு இதுதான் முதல் மெமோ. அவரிடம் எதை மறைக்க? சொல்லிவிட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்கூட்லயும் சக்கர கேஸு கீது. சரி, பேஜார் பண்ணிக்காத. அந்தப் பொட்டிக்குத் தோலு கீதா, நூலு கீதான்னு தெரியாது. ஊசி ஆடுதான்னு மட்டும்தான் தெரியும். ஷபானா வர்ற வரைக்கும் சும்மா பெடல மிதிச்சிக்கினு இருக்கச் சொல்லு. அவ வந்து அர நிமிஷத்துல கோத்துட்டுப் போவட்டும்."

அண்ணியிடம் சொன்னேன். சிரித்தார். "தோல் இல்லாம தைக்கணும்னு பைபிள்ல போட்டிருக்குதா?" என்றார். ஆனாலும் மிதித்தார். மெ.14 மத்தியானம் முழுக்கப் பச்சை. ஜோடிக் கணக்கு குறையாமல் ஷபானா தான் தைத்ததிலிருந்து ரெண்டு மூணு ஜோடியை அண்ணி பக்கம் தள்ளிவிடுகிறாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

16.2, சனி

ரிப்போர்ட். லைனிலேயே சிறந்த மெஷின்: 14.

பாஷா பாய்க்குப் பாராட்டு. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் அண்ணியின் மெஷின் பக்கத்தில் நின்று கைதட்டச் சொன்னார். கைதட்டல் வந்த பக்கம் திரும்பி அண்ணி மேனேஜருக்குக் கும்பிடு போட்டார். மேனேஜர் நின்றது அந்தப் பக்கம் இல்லை.

யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

20.2, புதன்

வாங்க வேண்டியவை: பருப்பு, வாஷிங் சோப்பு, அவருக்கு மாத்திரை.

இடி விழுந்தது மூன்று மணிக்கு. வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள் வருகிறார்கள். புது சாம்பிள் ஷூ. கறுப்புத் தோலில் கறுப்பு நூல், நெருக்கமாக ரெட்டைத் தையல். எந்த மெஷினில் தைப்பது என்று ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்துவிட்டார் மேனேஜர். 14.

"ஷபானாகிட்ட குடுக்கலாம் சார். சின்னப் பொண்ணு, கை வேகம்."

"ஏம்மா? டேட்டா சொல்லுதே. நம்ம நம்பர் ஒன் மெஷின் அதுதான். உங்க லைன்தானே, பெருமப்பட வேணாமா?"

அண்ணிக்குக் கண் தெரியாது என்றால் அண்ணி வெளியே. ரிப்போர்ட் பொய் என்றால் அதைப் போட்டவள் நான், கூடவே பாஷா பாய், ஷபானா. எந்தப் பக்கம் கதவைத் தள்ளினாலும் ஒருத்தர் விரல் நசுங்குகிறது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் முகம் கழுவினேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்காவ நீதான் காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு நியூஸ் பார்த்தார். நல்ல தம்பி.

22.2, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. நடந்ததை மட்டும்.

காலையிலேயே ஷபானா வந்து கறுப்பு நூலைக் கோர்த்து வைத்துவிட்டாள். பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள், மூன்று பேர். அண்ணி தைத்தார். முதல் ஷூ அப்படியே நூல் பிடித்தாற்போல. ஒருத்தர் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

இரண்டாவது ஷூவில் நூல் அறுந்தது. நிஜமாகவே அறுந்தது.

தோல் ஊசிக்கு அடியில் இருக்கிறது, சும்மா மிதிக்க முடியாது. மிதித்தால் ஓட்டை. மெ.14 சிவப்பு. அண்ணி நூல் நுனியை எச்சிலில் நனைத்து ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பக்கத்தில்தான். திரும்ப. திரும்ப. ஷபானா பாதி எழுந்தாள். "நீ உக்காரும்மா, உன் மெஷின் நிக்குது பாரு" என்றார் மேனேஜர். அவள் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு நிமிஷம். என் கம்ப்யூட்டரில் கட்டம் திறந்தது. மெ.14, காரணம்? மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். விரல் 1க்குப் போனது. உண்மையில் இந்த ஒரு தடவைதான் 1 சரியான பதில்.

அண்ணி திரும்பாமலே சொன்னார். "அஞ்சு போடு கிரேஸு."

"நீங்க இருக்கீங்களே அண்ணி."

அண்ணி கத்தரியை அதன் இடத்தில் வைத்தார். ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஓரமாகப் போய் நின்றார். "இப்ப இல்ல. போடு. எனக்குக் கண்ணு தெரியல சார், ரொம்ப நாளா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் 5 போட்டேன். தெரியும் என்று சொல்லவில்லை. வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

23.2, சனி

மெ.14ல் ஷபானா. நாள் முழுக்கப் பச்சை. யாரோடும் பேசவில்லை அவள், என்னோடும்.

அண்ணிக்குத் திங்கட்கிழமை கண் டெஸ்ட் என்று லெட்டர். டெஸ்ட் முடிகிற வரை வர வேண்டாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மார்ச்சிலிருந்து நாலு லைனுக்கும் பெட்டி வருகிறதாம், நாலுக்கும் நம்பர் நானே போட வேண்டுமாம். "நேர்மையாப் போட்டீங்க, சொந்தக்காரங்கன்னு பாக்கல."

தலையை ஆட்டினேன்.

24.2, ஞாயிறு

சர்ச்சில் அண்ணி எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். நான் திறந்து வைத்துக்கொண்டு பாடவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மகனின் வெள்ளைச் சட்டையும் ஒரு பட்டனும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "பரீச்சைக்கு முன்னாடி இன்டர்வியூ ஒண்ணு வருதாம். இந்த ஊசிய மட்டும் கோத்துக் குடு, நான் தச்சிக்கிறேன்" என்றார்.

வாங்கினேன். நூலை நனைத்தேன். போகவில்லை. முறுக்கி, திரும்ப. போகவில்லை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். ஊசிக் காது இருக்கிற இடத்தில் இரண்டு காது தெரிந்தது.

அண்ணிக்கு என் முகம் தெரியாது. ஆனால் இவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"எத்தினி நாளா கிரேஸு?" என்றார்.

"வெளிச்சம் பத்தல அண்ணி, லைட் போட்றேன்" என்று எழுந்தேன். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.