பத்தாவது ஆள்

ஹைஃபா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ஓரித்துக்கு அப்பா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாத்திரை போடுகிறேன். இதற்குப் பெயர் நலம் என்றால் இங்கே நான் நலம். மொன்றியாலில் நீயும் அந்த அளவுக்காவது இருக்க வேண்டும். தொலைபேசியில் நீ பேசுவதில் பாதி என் காதில் விழுவதில்லை, மீதி நேரம் நீ அழுகிறாய், அதனால்தான் கடிதம்.

அம்மாவின் அடக்கத்துக்கு விமானம் கிடைக்காமல் போனதற்கு உன்னையே திட்டிக்கொண்டிருக்காதே. நம் யூதர்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, காலையில் போனவளை மாலைக்குள் மண்ணில் வைத்துவிட்டோம். பக்கத்தில் நின்ற எனக்கே நான் அங்கே இருந்தேனா என்று சரியாகத் தெரியவில்லை. அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. ஏழு நாள் துக்கத்துக்குக் கண்ணாடியில் போர்த்திய துணியை நான் எடுக்கவில்லை. முகம் பார்க்கத் தோன்றவில்லை, சவரம் செய்யவும் தோன்றவில்லை. உன் அண்ணன் அம்னோன் என் தாடியைப் பார்த்துவிட்டு, நான் முப்பது நாளும் முறைப்படி துக்கம் காக்கிறேன் என்று நினைத்து, "அப்பா, அம்மா இதப் பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா" என்று கட்டிக்கொண்டான். சும்மா சோம்பல்டா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழ்வீட்டுக் கதூரிதான், "என்ன நயீம், செங்கொடிக் கட்சிய விட்டுட்டு ஜெபக்கூடத்து ரபி ஆயிட்டியா?" என்று சிரித்தான்.

அந்த ஏழு நாளும் காலை ஜெபம் நம் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. பத்து ஆண்கள் சேராமல் இறந்தவளுக்கான கதீஷ் ஜெபத்தைச் சொல்ல விடமாட்டார்கள், உனக்குத் தெரியும். மனிதரை எண்ணக்கூடாது என்பதால் கதூரி ஒரு வேத வசனத்தின் பத்துச் சொற்களை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவான். முதல் நாளே கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. சமையலறையில் நின்ற என்னைக் கூப்பிட்டான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே என்றேன். "உன் நம்பிக்கைய யாருய்யா கேட்டா? உடம்பு இருக்குல்ல, வந்து உக்காரு" என்றான். உடம்புதான் மிச்சம் இருந்தது, போய் உட்கார்ந்தேன். பிறகு தினமும் அப்படித்தான். அம்னோன் கதீஷ் சொன்னான், மற்றவர்கள் ஆமென் என்றார்கள், நான் சன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அங்கே பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் ஜெபக்கூடத்தில் அம்மாவுக்காகக் கதீஷ் சொல்கிறாய், முப்பதாம் நாள் கல் நாட்டும்போது கல்லறையிலும் நீயே சொல்ல வேண்டும், இல்லையென்றால் வரமாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதை அம்னோனிடம் சொன்னேன். பொம்பள குரல் எழுப்பினா எங்க ரபி ஒத்துக்க மாட்டார் என்று ஆரம்பித்தான், அப்புறம் உண்மையான கோபம் வெளியே வந்தது. "எம் பையன் எல்லைல டாங்கிக்குள்ள கெடக்கறான். இவ அங்க பனில நின்னு நம்ம நாட்டுக்கு எதிரா அட்டை புடிக்கறா. அந்த வாயாலயா அம்மாவுக்குக் கதீஷ்?" என்றான். போரை நிறுத்துங்கள் என்றுதானே பிடிக்கிறாள், உன் பையனும் வீடு திரும்பட்டும் என்றுதானே, என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் செவிடு நான் மட்டுமில்லை. பாக்தாத்தில் நோன்பு நாளில் ரொட்டி தின்றதற்காக என் அப்பா என்னை அறைந்தார், இங்கே நோன்பிருந்ததற்காக அம்னோனிடம் நான் கத்தினேன், இப்போது உன்னிடம் அவன். தலைமுறை தலைமுறையாக நாம் விடாமல் காத்துவரும் வழக்கம் இது ஒன்றுதான்.

முப்பதாம் நாளுக்கு அவன் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் படைக்குப் போய்விட்டார்கள். என் கட்சித் தோழர்கள் பலர் ஏற்கெனவே கல்லறையில், மீதிப் பேர் ஜெபம் என்றால் வரமாட்டார்கள். யார் யாரையோ கேட்டுப் பார்த்தான். என்னைச் சேர்த்தால்தான் பத்து. நான் சத்தம் போடவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. "ஓரித் வாயத் தொறக்கக் கூடாதுன்னா நான் கல்லறை வாசல்லயே நின்னுக்கறேன். ஒன்பது பேர வச்சு உன்னால முடிஞ்சத சொல்லிக்கோ" என்றேன். "அம்மா விஷயத்துல மெரட்டறீங்களாப்பா?" என்றான். ஆமாம் என்றேன். நம் வீட்டுத் தட்டு ஆசாரத்துக்கு ஆகாதென்று அவன் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

நேற்று ஓய்வுநாள் முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டான். "அவ எம் பக்கத்துல நிக்கட்டும். நான் சத்தமா சொல்றேன், அவ எங்கூடவே மெதுவா சொல்லட்டும். இதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்றான். அழுதிருந்தான் என்று நினைக்கிறேன். இது உனக்குப் போதாது. எனக்குத் தெரியும். ஆனாலும் வா, ஓரித். இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

அம்மா கடைசியாக உள்ளே இறைச்சி வைத்து உருட்டிய கூப்பா உருண்டை ஒரு டப்பா உறைபெட்டியில் இருக்கிறது. நான் தொடவில்லை. பீட்ரூட் குழம்பு வைக்க எனக்குத் தெரியாது, நீ வந்து வை. இங்கே மழை நிற்கவில்லை, நல்ல செருப்பு கொண்டு வா. எனக்கு ஆசி சொல்லி வழக்கமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா உன் தலையில் கைவைத்து என்ன சொல்வாளோ, அதுவே என்னுடையதும் என்று வைத்துக்கொள்.

ஒன்றை மறக்காதே. அன்றைக்கு நான் காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு வரப்போவதில்லை. இதுவரை ஒரு ஆமெனும் நான் சொன்னதில்லை. உனக்குச் சொல்வேன். எனக்குக் கேட்கும்படி சொல்.

உன் அப்பா,
நயீம்