கட்டிலுக்குக் கீழே தணல்

09.12.2024, திங்கள்
ஒன்பதாம் தரத்துக்கு இன்று தகனம் பாடம். எரிபொருள், ஒட்சிசன், வெப்பம். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் நெருப்பு இல்லை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, பள்ளி முடிய நேரே மகள் கஜேந்தினியைப் பார்க்கப் போனேன். பேரனுக்குப் பன்னிரண்டு நாள்.

மருமகன் மதுசன் கொழும்பில் கட்டட வேலை. அவர்களுடைய வீட்டுத்திட்ட வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. பக்கத்தில் ஓலைக் கிடுகுக் கொட்டில்; இருப்பது அதில்தான். உள்ளே ஒரு கட்டில், சுற்றிவர நைலோன் நுளம்புவலை. கட்டிலுக்குக் கீழே மண்சட்டி நிறையத் தணல்.

“பச்ச ஒடம்புக்காரிக்குச் சூடு வேணும் டீச்சரம்மா” என்றார் சம்பந்தி ராக்காயி. “எங்க லயத்துல எத்தன புள்ளைய இந்தச் சட்டி வளத்திருக்கு தெரியுமா?”

அவர் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் கருங்கல் சுவர், தகரக் கூரை. இங்கே ஓலை. வெளியே நனைந்தாலும் உட்பக்கம் அடுப்புப் புகையில் காய்ந்து கிடக்கிறது. சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

11.12.2024
ஏன் சொல்லவில்லை? இரண்டு வருடத்துக்கு முன், மதுசனைக் கட்டப்போகிறேன் என்று மகள் வந்து நின்றபோது, தோட்டத்து ஆட்களைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னேன். இங்கேயும் அதை எழுதமாட்டேன். ராக்காயியின் காதுக்கு அது போய்விட்டது. இனி நான் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லாகத்தான் கேட்கும். முதல் பிள்ளைப்பேற்றுக்கு மகள் என்னிடம் வராததும் அதனால்தான்.

14.12.2024, சனி
வீடு வீடாய்ப் பிள்ளை பார்க்க வரும் குடும்பநல மாதுவிடம் சட்டியைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன். அவர் போய் நல்லாக விளங்கப்படுத்தினாராம். “சரிங்க மிஸ்” என்று ராக்காயி சட்டியைத் தூக்கி வெளியே வைத்தாராம். மிஸ்ஸின் ஸ்கூட்டி ஒழுங்கை முனை திரும்ப முதல் சட்டி திரும்பவும் உள்ளே. கஜேந்தினி போனில் சிரிக்கிறாள்.

“இதிலை சிரிக்க என்ன கிடக்கு?”

“அம்மா, நீங்கள் இஞ்சை ஒரு இரவு இந்தக் குளிருக்கை படுத்துப் பாருங்கோ. பேந்து கதையுங்கோ.”

15.12.2024
போனேன். வலையின் விளிம்பை மெத்தைக்குள் செருகினேன். சட்டிக்கு அடியில் மணல் பரப்பினேன். கதவோரம் ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். ராக்காயி பார்த்துக்கொண்டே நின்றார்.

“அப்புடியே ஃபயர் எஞ்சினையும் கூட்டியாந்திருக்கலாமே டீச்சரம்மா.”

மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் வெதுவெதுப்பாக இருந்தது. அதுவும் அந்தச் சட்டியால்தான்.

17.12.2024
மழை. இங்கே நாலு அறை, சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை. கஜேந்தினியின் அப்பா காலமான பிறகு நான் மட்டும். மூன்று பேரையும் கூட்டி வரலாமா? எந்த முகத்தோடு? அவர்களே ஒருக்கால் கேட்கட்டும். மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்?

20.12.2024
கேட்கவில்லை.

23.12.2024
எழுதேலாமல் கிடக்கு.

பத்து மணிக்கு அவர்களுடைய பக்கத்து வளவுச் சின்னராசா மோட்டார் சைக்கிளில் வந்து, “ரீச்சர், பதறாதேங்கோ, தாயும் பிள்ளையும் சுகம்” என்றார். அதைக் கேட்டுத்தான் பதறினனான்.

பிள்ளையைக் குளிக்கவார்த்து, தணலைக் கிளறிச் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். செருகியிருந்த வலை எப்போது கழன்றது? தெரியாது. வலையில் பிடித்த நெருப்பு ஓலைக்கு ஏறிவிட்டது. ராக்காயி பிள்ளையை வெளியே ஓடிவந்த அயலவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பி உள்ளே போய், எரிகிற வலையைக் கையாலேயே பிய்த்து எறிந்து மகளை இழுத்து வந்திருக்கிறார். நைலோன் உருகி இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டிவிட்டதாம்.

வாளி வெறும் வாளி. அந்தத் தண்ணீரில்தான் பிள்ளையைக் குளிப்பாட்டினார்களாம்.

26.12.2024
வவுனியா ஆஸ்பத்திரி. ராக்காயிக்கு இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. இடியப்பத்தைப் பிய்த்து வாயில் தீத்தினேன். வாங்கிக்கொண்டார்.

“புள்ள எங்க படுத்திருக்கு?”

“எங்கட வீட்டிலை.”

“குளுருதா?”

“இல்லை. சுவர் இருக்குத்தானே.”

கொஞ்ச நேரம் மென்றார். “அன்னிக்கே ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்போம் டீச்சரம்மா. நாங்களா எப்புடிங்க கேக்குறது?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருக்கலாம்.

27.12.2024
சட்டி, மணல், வலை, வாளி. எல்லாம் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

05.01.2025, ஞாயிறு
ஆஸ்பத்திரியில் ராக்காயிக்குத் துண்டு வெட்டிவிட்டார்கள், வீட்டுக்குப் போகலாமாம். ஓட்டோவில் நானே கூட்டி வந்தேன். விரல்கள் முன்போல மடங்குமா என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு வாசல் படலை திறந்துதான் கிடந்தது. ஆனாலும் ராக்காயி வெளியே நின்றுவிட்டார்.

“உள்ளுக்கு வாங்கோ” என்றேன். இன்னொருதரம் சொன்னேன்.

வந்து கதிரையில் இருந்தார். பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். கட்டுப்போட்ட கைகளை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொடாமல், அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.